இதயச் செயலிழப்பு உள்ள முதியவர்களுக்குத் தூக்கத்தில் மூச்சு நிற்றல்: கண்டறிவது முதல் சிகிச்சை வரை

எக்கோ பரிசோதனையில் இதயத்தின் ‘பம்பிங்’ (ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் வெளியே தள்ளும் இரத்தத்தின் பங்கு) 30 சதவீதம்தான் என்று சொல்லப்பட்ட ஒரு முதியவரின் அருகில் இரவில் படுத்திருப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியிருக்கும். மூச்சு மெல்லத் தொடங்கி, ஒவ்வொரு முறையும் சற்றே ஆழமாகி, பெருமூச்சாக உயர்ந்து, பிறகு படிப்படியாகத் தணிந்து, முற்றிலும் நின்றுபோகும். பத்து, இருபது, சில வேளை முப்பது வினாடிகள் மார்பு அசையாது. பின்னர் அதே ஏற்ற இறக்கம் மீண்டும் தொடங்கும். டப்ளின் நகரத்து மருத்துவர்களான ஜான் செய்ன் 1818இலும் வில்லியம் ஸ்டோக்ஸ் 1854இலும் பதிவுசெய்த இந்த மூச்சு, இன்றும் அவர்கள் இருவரின் பெயராலேயே செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் என்று அறியப்படுகிறது.

குறட்டைக்காரர்களுக்குத் தொண்டை அடைத்து மூச்சு நிற்பதும் இதுவும் ஒன்றல்ல. ஆனால் இரண்டையும் ‘ஸ்லீப் ஆப்னியா’, அதாவது தூக்க மூச்சுத்தடை, என்ற ஒரே சொல்லால் குறிப்பிடுகிறோம். இதயம் தளர்ந்த முதியவருக்கு எந்த வகை என்று பிரித்தறியாமல் மூச்சுக்கு உதவும் இயந்திரம் வாங்கிக்கொடுப்பதே இந்தச் சிகிச்சையில் நேரக்கூடிய மிகப் பெரிய பிழை என்பது என் உறுதியான கருத்து. அதற்கான காரணம் ஐந்தாம் படியில் வருகிறது. கீழே உள்ள வரிசையும் அந்தப் பிழையைத் தவிர்க்கும் நோக்கில் அமைந்ததே.

முதல் படி: இரண்டு வகைகளையும் புரிந்துகொள்ளுதல்

அடைப்பு வகையில் மூச்சு விடச்சொல்லி மூளை கட்டளையிடுகிறது. மார்பும் வயிறும் இழுத்துப் போராடுகின்றன. ஆனால் தொண்டைத் தசைகள் தளர்ந்து பாதையை மூடிவிடுவதால் காற்று உள்ளே போவதில்லை. மூடிய குழாய்க்கு எதிராக மூச்சை இழுக்கும்போது மார்புக்கூட்டுக்குள் அழுத்தம் வெகுவாகக் குறைகிறது. அதனால் ஏற்கெனவே களைத்த இதயம் இரத்தத்தை வெளியே தள்ளக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடைப்பின் முடிவிலும் உறக்கம் கலைந்து இரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் எகிறுகின்றன.

மைய வகையில் கட்டளையே வருவதில்லை. நுரையீரலில் நீர் கோத்திருக்கும் இதய நோயாளி இயல்பை விட அதிகமாக மூச்சு வாங்குவதால், அவரது இரத்தத்தில் கரியமில வாயு குறைந்திருக்கிறது. உறக்கத்தில் அது ஓர் எல்லைக்குக் கீழே போனதும் மூளை மூச்சை நிறுத்திவைக்கிறது. இரத்தம் மெதுவாக ஓடுவதால், நுரையீரலில் ஏற்பட்ட மாற்றம் மூளையின் உணரிகளை எட்டுவதற்குத் தாமதமாகிறது. எட்டும்போது கரியமில வாயு வேண்டிய அளவைத் தாண்டிச் சேர்ந்துவிட்டிருப்பதால் மூச்சு மிகையாகப் பொங்குகிறது. வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டு, சூடு வந்து சேரும் முன்பே இன்னும் திருகிக் கையைச் சுட்டுக்கொள்பவரின் நிலைதான் இது. ஆக, மைய வகை பெரும்பாலும் இதய நோயின் வெளிப்பாடு. அடைப்பு வகையோ இதய நோயை மேலும் கெடுக்கும் தனி நோய்.

இவ்விரண்டும் ஒரே ஆளிடம் கலந்திருப்பதும் உண்டு. பகலெல்லாம் கால்களில் தேங்கும் நீர், இரவில் படுத்தவுடன் மேலேறுகிறது. கழுத்தில் தங்கினால் தொண்டை குறுகி அடைப்பு வகை கூடும். நுரையீரலில் தங்கினால் மைய வகை கூடும். மாலையில் கணுக்கால் வீங்கியிருந்த முதியவருக்குக் காலையில் வீக்கம் வற்றியிருந்தால், அந்த நீர் இரவில் எங்கே போனது என்று கேட்டுப்பார்ப்பது நல்லது.

இரண்டாம் படி: சந்தேகிக்கக் கற்றுக்கொள்ளுதல்

இதயச் செயலிழப்பு உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஏதேனும் ஒரு வகை மூச்சுத்தடை இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஆயினும் பலர் கண்டறியப்படாமலேயே இருக்கிறார்கள். பகலில் தூங்கி வழிவது இந்த நோயின் முதன்மையான அடையாளம் என்று நாம் பழகிவிட்டதே அதற்கு ஒரு காரணம். இதய நோயாளிகளின் நரம்பு மண்டலம் எப்போதும் முடுக்கப்பட்ட நிலையில் இருப்பதால், கடுமையான மூச்சுத்தடை உள்ளவர்கள்கூடத் தூக்கக் கலக்கம் இல்லை என்றே சொல்வார்கள். பகல் தூக்கத்தை அளக்கும், 24 மதிப்பெண் கொண்ட எப்வொர்த் அளவுகோலில் 10க்கு மேல் வந்தால்தான் கவலை என்ற விதி இவர்களிடம் பலிப்பதில்லை. கழுத்துச் சுற்றளவு, உடல் பருமன், குறட்டை ஆகியவற்றைக் கேட்கும் ஸ்டாப்-பாங் வினாப்பட்டியலும் அடைப்பு வகைக்காக உருவானதே. மெலிந்த உடலும் மைய வகை நோயும் கொண்ட முதியவரை அது எளிதில் தவறவிட்டுவிடும்.

ஆகவே வேறு அடையாளங்களைத் தேட வேண்டும். இரவில் மூன்று நான்கு முறை சிறுநீர் கழிக்க எழுவதை வயதின் மேலும் நீர் மாத்திரையின் மேலும் மட்டும் பழிபோடக் கூடாது. மூச்சுத்தடையே சிறுநீரைப் பெருக்கும். காலையில் தலைவலி, எத்தனை மணி நேரம் படுத்தாலும் தீராத அசதி, மருந்து எடுத்தும் அடங்காத இரத்த அழுத்தம், புதிதாகத் தோன்றிய சீரற்ற இதயத்துடிப்பு, கவனக்குறைவு, எரிச்சல் ஆகியவை ஐயத்தைத் தூண்ட வேண்டும்.

மூச்சுத் திணறி எழுந்து உட்காருவது எல்லாமே மூச்சுத்தடை ஆகிவிடாது. படுத்தவுடனேயே திணறி இரண்டு மூன்று தலையணை கேட்பதும், உறங்கி ஒன்றிரண்டு மணி நேரத்தில் இருமலோடு எழுந்து ஜன்னலோரம் போய் அமர்வதும் நுரையீரலில் நீர் கோத்ததற்கான அறிகுறிகள். இவை புதிதாகத் தோன்றினால் தூக்கப் பரிசோதனைக்கு நாள் குறித்துக் காத்திருக்காமல் உடனே இதய மருத்துவரிடம் போக வேண்டும்.

வீட்டார் செய்யக்கூடிய பயனுள்ள உதவி ஒன்று உண்டு. உறங்குபவரின் அனுமதியைப் பகலிலேயே பெற்றுக்கொண்டு, மார்பும் வயிறும் தெரியும்படி கைப்பேசியில் ஐந்து நிமிடக் காணொளி எடுத்துவைக்கலாம். மூச்சு நின்ற வேளையில் வயிறு போராடுகிறதா, அசையாமல் கிடக்கிறதா என்பது அதில் தெரியும். அது நோயை உறுதிசெய்யாது. ஆனால் மருத்துவரின் ஐந்து நிமிட ஆலோசனையில், அரை மணி நேர விவரிப்பை விட அதிகம் சொல்லும்.

மூன்றாம் படி: முதலில் இதயத்தைச் சரிசெய்தல்

அவசரப்படுபவர்கள் தாண்டிக் குதிக்கும் படி இதுதான். மருத்துவமனையிலிருந்து நீர் முழுதும் வடியாமல் வீடு திரும்பிய மறுவாரமே பரிசோதனை செய்தால், அது அந்த வாரத்தின் இதய நிலையைத்தான் காட்டும். மருந்துகள் சரியான அளவுக்கு உயர்த்தப்பட்டு, எடை நிலைபெற்ற பிறகு செய்யும் பரிசோதனையே நம்பத்தகுந்தது.

பம்பிங் குறைந்த இதயச் செயலிழப்புக்கு இன்று நான்கு வகை மருந்துகள் அடித்தளமாகக் கருதப்படுகின்றன: சக்குபிட்ரில்-வால்சார்ட்டன் அல்லது அதற்கு முந்தைய தலைமுறை மருந்துகள், பீட்டா தடுப்பான்கள், ஸ்பைரனோலாக்டோன் போன்றவை, டாபாகிளிஃப்ளோசின் அல்லது எம்பாகிளிஃப்ளோசின். இவற்றுடன் தேவைக்கேற்ற நீர் மாத்திரையும் சேரும். முதியவர்களுக்கு இரத்த அழுத்தம், சிறுநீரகம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்த்துப் பார்த்தே அளவைக் கூட்ட முடியும் என்பதால் இது வாரக் கணக்கில், சில வேளை மாதக் கணக்கில் நடக்கும் வேலை. மருந்துகள் பிடித்த பின் மைய வகை மூச்சுத்தடை கணிசமாகக் குறைவதும், தகுதியானவர்களுக்கு இரு கீழறைகளையும் ஒருங்கிணைக்கும் பேஸ்மேக்கர் பொருத்திய பின் அது தணிவதும் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

வீட்டின் பங்கு சிறியதல்ல. தினமும் காலையில் சிறுநீர் கழித்த பின், உண்பதற்கு முன், ஒரே எடைக்கருவியில் எடை பார்த்து எழுதிவைக்க வேண்டும். மூன்று நாட்களில் 2 கிலோவுக்கு மேல் கூடினால் அது சதையல்ல, நீர். மருத்துவரை அழைக்க வேண்டும். சமையலில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய் ஆகியவற்றை விட்டுவைத்தால் பயனில்லை. உப்புக்குப் பதிலாக விற்கப்படும் பொட்டாசியம் கலந்த ‘லோ சோடியம்’ உப்புகள் ஸ்பைரனோலாக்டோன் எடுப்பவர்களுக்கு ஆபத்தாகலாம் என்பதால் கேட்காமல் வாங்கக் கூடாது. இரண்டாம் வேளை நீர் மாத்திரையை இரவுக்குப் பதில் பிற்பகலில் எடுக்கலாமா என்பதையும் கேட்டுக்கொள்ளலாம்.

நான்காம் படி: சரியான பரிசோதனை

விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரை இரவு முழுதும் வைத்துப் பதிந்தால் ஆக்ஸிஜன் ஏறி இறங்குவது தெரியும். எதனால் என்று தெரியாது. வீட்டிலேயே செய்யும் எளிய தூக்கப் பரிசோதனைக் கருவிகள், வேறு பெரிய நோய் இல்லாதவர்களின் அடைப்பு வகையைக் கண்டறியவே பரிந்துரைக்கப்படுகின்றன. குறிப்பிடத்தக்க இதய நுரையீரல் நோய் உள்ளவர்களுக்குப் பரிசோதனைக் கூடத்தில், மூளை அலைகளும் மார்பு-வயிற்றுப் பட்டைகளும் சேர்த்துப் பதியும் முழு இரவுப் பரிசோதனையே வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல். தனியாகப் படுக்க அஞ்சும் முதியவருடன் ஒருவர் தங்க முடியுமா என்று முன்பே கேட்டுவைப்பது நல்லது.

அறிக்கை வந்ததும் எல்லோரும் பார்ப்பது ஏ.எச்.ஐ. என்ற ஒற்றை எண்ணை. ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்பதே அது. 5 முதல் 15 வரை லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. ஆனால் நம் முதியவருக்கு அதைவிட முக்கியமான கேள்வி, அந்த நிகழ்வுகளில் எத்தனை அடைப்பு வகை, எத்தனை மைய வகை என்பது. இந்தப் பிரிவு அறிக்கையில் இல்லையென்றால் கேட்டு வாங்க வேண்டும். செய்ன்-ஸ்டோக்ஸ் சுவாசம் இரவின் எவ்வளவு பகுதியில் இருந்தது, ஆக்ஸிஜன் 90 சதவீதத்துக்குக் கீழே எத்தனை நிமிடம் இருந்தது, மல்லாந்து படுத்தபோது நிலைமை மோசமானதா என்பவற்றையும் கேட்கலாம். அண்மைய எக்கோவின் பம்பிங் அளவை அந்த அறிக்கையின் மேலேயே எழுதிவைத்துவிடுங்கள். இரண்டு தாள்களையும் ஒரே மருத்துவர் ஒரே நேரத்தில் பார்ப்பதில்தான் முடிவு இருக்கிறது.

ஐந்தாம் படி: வகைக்கேற்ற சிகிச்சை

முதலில் அடைப்பு வகை. இதற்கு முதன்மையான சிகிச்சை சிபாப் என்னும் இயந்திரம். 1981இல் சிட்னியில் காலின் சல்லிவனும் உடன் பணியாற்றியவர்களும் அறிமுகப்படுத்திய இந்த முறையில், முகமூடி வழியே வரும் சீரான காற்றழுத்தம் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது. இதயச் செயலிழப்புள்ள 24 பேரிடம் நடந்து 2003இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில், ஒரு மாதச் சிபாப் சிகிச்சைக்குப் பின் பம்பிங் சராசரியாக 25இலிருந்து 34 சதவீதத்துக்கு உயர்ந்தது. இதை மேற்கோள் காட்டி ஆயுள் நீளும் என்று வாக்களிப்பவர்களும் உண்டு, அது மிகை. இதய-மூளை இரத்தநாள நோயுள்ள 2,717 பேரைத் தொடர்ந்து 2016இல் வெளியான சேவ் ஆய்வில், சிபாப் மாரடைப்பையோ பக்கவாதத்தையோ மரணத்தையோ குறைக்கவில்லை. அவர்கள் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அணிந்திருந்தார்கள் என்பதும் உண்மை. குறட்டை, பகல் தூக்கம், மனநிலை, வாழ்க்கைத் தரம் ஆகியவை மேம்பட்டன. ‘நன்றாகத் தூங்குவதற்காகவும் பகலில் தெம்பாக இருப்பதற்காகவும்’ என்று சொல்லி இந்தச் சிகிச்சையைத் தொடங்குவதே நேர்மையானது. 2022ஆம் ஆண்டு அமெரிக்க இதய அமைப்புகளின் வழிகாட்டுதலும் அந்த எல்லைக்குள்தான் நிற்கிறது.

தானாக அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ‘ஆட்டோ’ இயந்திரத்தை நேரடியாக வீட்டுக்கு அனுப்புவது பலருக்குப் போதும். இதயச் செயலிழப்புள்ளவருக்கு அது உகந்ததல்ல. காற்றழுத்தம் கூடும்போது இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைவதால், நீர் மாத்திரையால் வறண்டுபோனவரின் இரத்த அழுத்தம் தாழக்கூடும். சிபாப் தொடங்கிய பின் புதிதாக மைய வகை நிகழ்வுகள் தலைகாட்டுவதும் உண்டு. ஆகவே தேவையான அழுத்தத்தைப் பரிசோதனைக் கூடத்தில் கண்காணிப்பின் கீழ் கண்டறிய வேண்டும்.

இனி மைய வகை. இங்குதான் மருத்துவம் தன் முன்முடிவுகளைத் திருத்திக்கொண்ட வரலாறு இருக்கிறது. கனடாவில் 258 பேரிடம் நடந்து 2005இல் வெளியான கேன்பாப் ஆய்வில், சிபாப் மூச்சுத்தடையைக் குறைத்தது, ஆயுளைக் கூட்டவில்லை. பின்னர் அதே தரவுகளைப் பிரித்துப் பார்த்தபோது, சிபாப் போட்டவுடன் நிகழ்வுகள் மணிக்கு 15க்குக் கீழே இறங்கியவர்கள் மட்டும் நன்றாக இருந்தது தெரிந்தது. அப்படியானால் நிகழ்வுகளை முழுதாக அடக்கும் இயந்திரம் இருந்தால் உயிர் காக்கலாமே என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். ஏ.எஸ்.வி. என்ற அந்த இயந்திரம், மூச்சு தணியும்போது தாங்கிக்கொடுத்து, பொங்கும்போது விலகிக்கொள்ளும். பம்பிங் 45 சதவீதமோ அதற்குக் குறைவோ உள்ள 1,325 பேரிடம் அது சோதிக்கப்பட்டது. சர்வ்-எச்.எஃப். என்ற அந்த ஆய்வின் 2015இல் வெளிவந்த முடிவு அதிர்ச்சியளித்தது: மூச்சுத்தடை ஏறத்தாழ மறைந்தது, மரணங்களோ கூடின. இயந்திரம் பெற்றவர்களில் 34.8 சதவீதம் பேரும், பெறாதவர்களில் 29.3 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். எண்ணைத் திருத்துவதும் நோயாளியைத் திருத்துவதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் துல்லியமான சான்று எனக்குத் தெரிந்து இந்தத் துறையில் இல்லை.

வேறொரு நுட்பத்தில் இயங்கும் ஏ.எஸ்.வி. இயந்திரத்தை 731 பேரிடம் சோதித்து 2024இல் வெளியான அட்வென்ட்-எச்.எஃப். ஆய்வில் அந்தத் தீங்கு தெரியவில்லை; ஆயுள் நன்மையும் தெரியவில்லை. எனினும், பம்பிங் 45 சதவீதத்துக்கு மேற்படாத, மைய வகை மேலோங்கிய முதியவருக்கு ஏ.எஸ்.வி. வழக்கமான தெரிவல்ல. பழைய இயந்திரங்கள் கைமாறும் சந்தையில் சிபாபும் ஏ.எஸ்.வி.யும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். விலை மலிவு என்று உறவினர் வீட்டிலிருந்தோ இணையத்திலோ வாங்கிய இயந்திரத்தை முதியவருக்கு மாட்டிவிடாதீர்கள். அதன் மாதிரியையும் அதில் பதிந்துள்ள இயங்குமுறையையும் மருத்துவர் பார்த்த பின்னரே பயன்படுத்த வேண்டும்.

பிறகு என்னதான் செய்வது? இதய மருந்துகளை முழுமைப்படுத்துவது முதலாவது. அதன் பின்னும் தொல்லை இருந்தால் சிபாபைச் சிறிது காலம் முயன்று, நிகழ்வுகள் அடங்குகின்றனவா என்று மறுபரிசோதனையில் பார்த்து, அடங்காவிட்டால் விட்டுவிடலாம். இரவில் குறைந்த அளவு ஆக்ஸிஜன் தருவது சிலருக்கு மைய வகை நிகழ்வுகளைக் குறைக்கிறது. ஆனால் நெடுநாள் புகைத்து நுரையீரல் கெட்டவருக்கு அது கரியமில வாயுவைத் தேக்கிவிடலாம் என்பதால் வாடகைச் சிலிண்டரை நாமாக வைக்கக் கூடாது. அசெட்டசோலமைடு மாத்திரை சிறிய ஆய்வுகளில் பலன் காட்டியுள்ளது. பொட்டாசியத்தையும் சிறுநீரகத்தையும் கண்காணித்தே தர முடியும். உதரவிதான நரம்பைத் தூண்டும், பேஸ்மேக்கர் போன்ற கருவிக்கு அமெரிக்காவில் 2017 அக்டோபரில் அனுமதி கிடைத்தது. அது ஆயுளைக் கூட்டுமா என்பது நிறுவப்படவில்லை. எண்பத்தைந்து வயதுடைய, உறக்கத்தைப் பற்றி எந்தக் குறையும் சொல்லாத ஒருவரின் மைய வகை மூச்சுத்தடையை, இதய மருந்துகளைச் சரியாகத் தந்துகொண்டு, அப்படியே விட்டுவைப்பதும் மதிக்கத்தக்க முடிவுதான். அதைக் கைவிடுதல் என்று பிள்ளைகள் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

ஆறாம் படி: சிபாபுடன் முதல் மூன்று மாதங்கள்

இயந்திரம் அலமாரிக்குப் போவதா, படுக்கையருகே நிலைப்பதா என்பது பெரும்பாலும் முதல் சில வாரங்களில் முடிவாகிவிடும். முதல் வாரம் பகலில், தொலைக்காட்சி பார்க்கும்போது, அரை மணி நேரம் அணியப் பழக்கலாம். மூக்கை மட்டும் மூடும் சிறிய முகமூடி பலருக்கு எளிது. வாயைத் திறந்து மூச்சு விடுபவருக்கு முழு முகமூடி தேவைப்படலாம். பல்செட்டைக் கழற்றியதும் கன்னம் ஒடுங்கி முகமூடியின் ஓரத்தில் காற்று கசியும். ஆகவே இரவில் எப்படி உறங்குவாரோ அந்த நிலையிலேயே அளவு பார்த்து வாங்க வேண்டும். வாதத்தால் விரல் மடங்காதவருக்குக் காந்தப் பிடிப்புள்ள முகமூடி வசதி என்று விற்பார்கள். பேஸ்மேக்கரோ, இதயத்துக்கு மின்னதிர்வு தரும் கருவியோ பொருத்தியிருந்தால் காந்தம் வேண்டாம் என்று மறுத்துவிடுங்கள்.

மூக்கு வறண்டால் ஈரப்பதமூட்டியை இயக்கலாம். அதில் காய்ச்சி வடித்த நீரையே தினமும் புதிதாக ஊற்ற வேண்டும். முகமூடியைத் தினமும், குழாயை வாரம் ஒரு முறை, மிதமான சோப்பு நீரில் கழுவினால் போதும். ஓசோன் சுத்திகரிப்புக் கருவிகள் வேண்டியதில்லை. மின்தடை உள்ள ஊர்களில் இன்வெர்ட்டர் இணைப்பைப் படுக்கையறைச் செருகிக்கும் கொடுத்துவிடுங்கள். ஈரப்பதமூட்டியை அணைத்துவைத்தால் பேட்டரி நெடுநேரம் தாங்கும். இரவுக்கு நான்கு மணி நேரம் என்பது காப்பீட்டு விதிகளில் அடிபடும் குறைந்தபட்சக் கணக்கு. உறங்கும் நேரம் முழுதும் அணிவதே நோக்கம். நினைவுக் குழப்பம் உள்ளவர் நள்ளிரவில் முகமூடியைப் பிடுங்கி எறிந்தால், கட்டாயப்படுத்திக் கையைப் பிடித்துவைப்பது கூடாது.

ஏழாம் படி: இயந்திரம் இல்லாமல் செய்யக்கூடியவை

ஒருக்களித்துப் படுப்பதும் தலைப்பக்கத்தைக் கட்டிலோடு சேர்த்து உயர்த்துவதும் இரண்டு வகைகளையுமே ஓரளவு குறைக்கும். இதய நோயாளிகள் பலர் இடப்பக்கம் படுக்கச் சிரமப்பட்டு வலப்பக்கமே விரும்புவார்கள். அவர்கள் போக்கிலேயே விடலாம். மது தொண்டையைத் தளர்த்தும். அல்பிரசோலம் போன்ற தூக்க மாத்திரைகளும் டிரமடால் போன்ற வலி மாத்திரைகளும் மூச்சின் கட்டளையை மங்கச்செய்யும். ‘அப்பாவுக்குத் தூக்கமே இல்லை’ என்று மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வழக்கத்தை இந்த வீட்டில் நிறுத்திவிட வேண்டும். நெடுங்காலமாக எடுத்துவருபவர் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. படிப்படியாகக் குறைக்கும் முறையை மருத்துவரிடம் கேட்க வேண்டும். எடை குறைப்பது பருமனானவருக்கு நல்லது. ஆனால் இதய நோயால் தசை கரைந்து மெலிந்துவரும் முதியவரைப் பட்டினி போடுவது அவரது பலவீனத்தைத்தான் கூட்டும். அடைப்பு வகைக்காகத் தாடையை முன்னிழுக்கும் பல் கருவிக்குப் போதுமான சொந்தப் பற்கள் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: தொடர் கண்காணிப்பு

சிபாப் தொடங்கி ஓரிரு வாரத்தில் ஒரு முறையும் மூன்று மாதத்துக்குள் மறுமுறையும் இயந்திரத்தின் பதிவை மருத்துவரிடம் காட்ட வேண்டும். இயந்திரம் சொல்லும் எண் தோராயமானது. மீதமுள்ள நிகழ்வுகள் அதிகம் என்று காட்டினால் கூடத்தில் மறுபரிசோதனை தேவைப்படும். தொடங்கிய பின் எழுந்து நிற்கும்போது தலைசுற்றினால் படுத்தும் நின்றும் இரத்த அழுத்தம் பார்த்துச் சொல்லுங்கள். அழுத்தத்தையோ நீர் மாத்திரையையோ குறைக்க வேண்டியிருக்கலாம். பம்பிங் குறிப்பிடத்தக்க அளவு மாறினாலும், எடை பெரிதும் கூடினாலும் குறைந்தாலும், புதிய பேஸ்மேக்கர் பொருத்தினாலும் மூச்சுத்தடையின் வகையே மாறியிருக்கக்கூடும் என்பதால் பழைய அறிக்கையை வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டக் கூடாது.

கண்புரை போன்ற சிறிய அறுவை சிகிச்சைக்குப் போனாலும் மூச்சுத்தடை இருப்பதை மயக்க மருந்து மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மருத்துவமனையில் சேர்க்கும்போது மருந்துப் பையோடு இயந்திரத்தையும் முகமூடியையும், பம்பிங் அளவு மேலே எழுதிய அந்தத் தூக்கப் பரிசோதனை அறிக்கையையும் எடுத்துச் செல்லுங்கள்.